நரம்பணு வளர்க்கும் கருவிக்கு என்ன பெயர்? (வியாழனுக்குள் வேண்டும்)

காத்ர் போர்னிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே மொரீஷியஸில் கோயில் மண்டபத்தில் வைக்கும் நரம்பு நோய்க் கண்காட்சிக்குப் பலகை எழுதுகிறேன். பார்க்கின்சன், அல்சைமர், பக்கவாதம் எல்லாம் முடிந்தது. ஆய்வகத்தில் நரம்பணுக்களை வளர்க்கும் கருவியில் வந்து மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சுப் பலகையில் 'ப்யூஸ்' (சிப்) என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். எனக்கு வந்தது 'நுண்பாய்ம நரம்பணு வளர்ப்புச் சாதனம்'. மாலை வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். 'இதில் பாய் எங்கே இருக்கிறது டீச்சர்?' என்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் கிரியோல், தமிழ் என்னிடம் மட்டும்தான். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போகணும்.

ரோஸ் ஹில்லிலிருந்து:
அம்மா, 'சாதனம்' வடசொல், விடுங்கள். 'வளர்கலன்' என்று வையுங்கள். உண்கலன் போல வினைத்தொகை. காலம் கரந்து நிற்பதால் நேற்று வளர்ந்த அணுவுக்கும் நாளை வளரும் அணுவுக்கும் சேர்த்தே பொருந்தும். கலம் சாதாரணச் சொல் இல்லை. குறளில் பசுமட்கலம் (660), கடலில் மரக்கலம், களத்தில் 12 மரக்கால் நெல் ஒரு கலம். எதையாவது கொள்வது கலம். அப்படியானால் அணிகலன் எதைக் கொள்கிறது என்று கேட்பீர்கள். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

ரெதுய்யிலிருந்து:
ஐயா, இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்கே கலம் என்றுதான் பெயர். அங்கே படித்தவர் வளர்கலத்தை வளரும் செல் என்றே எடுத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய குறை, கலன் என்றால் பாத்திரம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் செல் வளர்க்கும் சாதாரண பெட்ரி தட்டும் பாத்திரம்தான், 1887 முதல் இருக்கிறது.

இந்தக் கருவியின் விஷயமே நடுவில் உள்ள தடுப்பு. சிலிகோனில் வார்த்த இரண்டு அறைகள், இடையே மிக நுண்ணிய கால்வாய்கள். 2005இல் வந்த ஒரு வடிவத்தில் கால்வாயின் அகலம் 10 மைக்ரோமீட்டர், உயரம் 3, நீளம் 450. நரம்பணுவின் உடல் அதற்குள் புகாது. அதிலிருந்து நீளும் ஆக்ஸான் என்ற இழை மட்டும் புகுந்து வளர்ந்து அடுத்த அறைக்குப் போய்ச் சேரும். ஓர் அறையில் திரவ மட்டத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் கால்வாய்களில் மெல்லிய ஓட்டம் ஒரே பக்கமாக இருக்கும். மட்டம் தாழ்ந்த அறையில் விட்ட மருந்து இந்தப் பக்கம் வராது. ஆக ஆக்ஸானுக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம், அதை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி வளர்கிறதா என்று பார்க்கலாம். அல்சைமரில் சேரும் டாவ் புரதம் ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் பரவுகிறது என்றும் பின்தொடரலாம். பெயரில் 'அறை' இல்லையென்றால் பலகையைப் படிப்பவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. 'ஈரறை வளர்ப்புத் தட்டு' எப்படி?

ரோஸ் ஹில்லிலிருந்து:
தம்பி, 1665இல் ஹூக் தக்கையில் கண்டதற்குச் 'செல்' என்று பேர் வைத்ததே லத்தீனில் அது சிற்றறை என்பதால்தான். அறைக்குள் அறையா? தவிர, அறை என்பது 'அறு' என்ற வேரிலிருந்து வருகிறது என்பது என் கட்சி. வரையறையும் அறுத்துப் பிரித்ததே. கன்னத்தில் விடும் அறை வேறு வேர். அதற்கும் நரம்புக்கும் தொடர்பு உண்டு என்பது வேறு விஷயம்.

ரீயூனியன், சென் தெனியிலிருந்து:
'நரம்புச் சில்லு' போதாதா? கணினியில் வழக்கத்துக்கு வந்துவிட்ட சொல். பிரெஞ்சு 'ப்யூஸ்' தெள்ளுப்பூச்சி. அவர்கள் பூச்சிப் பெயரை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

ரெதுய்யிலிருந்து:
அண்ணே, யாழ்ப்பாணத்தில் சில்லு சக்கரம். இங்கே வீட்டுப் பெரியவர்களுக்குத் தேங்காய்ச் சில்லு. அப்புறம், என் 'ஈரறை'யிலும் இடறல் இருக்கிறது. 1977இல் கேம்பெனாட் என்ற ஆய்வாளர் செய்ததில் மூன்று அறைகள். டெஃப்லான் தடுப்பை கிரீஸ் வைத்துத் தட்டில் ஒட்டினார். நடு அறையில் அணு உடல்கள், இரு பக்கமும் அவற்றின் இழைகள். எனவே 'பல்லறை'.

காத்ர் போர்னிலிருந்து:
பல்லறை என்றால் பிள்ளைகள் பல் டாக்டரைத் தேடுவார்கள், தம்பி! நாள் போகிறது. சிலிகோன் சிப் என்றே எழுதிவிடட்டுமா?

ரோஸ் ஹில்லிலிருந்து:
எழுதலாம். 1998இல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எதற்காகக் கொதித்தோம்? நோட்டைத் திரும்பப் பெற வைத்த ஊரம்மா இது. இங்கே நாமே 'சிப்' என்று பலகையில் எழுதுவதா?

காத்ர் போர்னிலிருந்து:
கொதித்ததில் எங்கள் அப்பாவும் உண்டு, ஐயா. ஆனால் அந்த நோட்டில் இருக்கும் தமிழ் எண்ணை என் வகுப்பில் பாதிப் பேர் படிப்பதில்லை. எனக்கு வேண்டியது படிக்கப்படும் தமிழ்.

சென் தெனியிலிருந்து:
அப்படியானால் தம்பி சொன்னதில் 'ஈர்', 'பல்' என்ற எண்ணிக்கையை எடுத்துவிட்டு 'அறைத்தட்டு'. நான் கைதூக்குகிறேன். எனக்குத் தூக்கம் வருகிறது.

ரெதுய்யிலிருந்து:
நானும்.

காத்ர் போர்னிலிருந்து:
'நரம்பணு அறைத்தட்டு' என்று அனுப்பிவிட்டேன். ஆக்ஸானை ஆக்ஸான் என்றே விட்டிருக்கிறேன், திட்டாதீர்கள். பெரிய எழுத்தில் பெயர், கீழே கால்வாய்ப் படம். எல்லாருக்கும் நன்றி.

ரோஸ் ஹில்லிலிருந்து:
பெரும்பான்மைக்கு வணக்கம், உடன்பாடு இல்லை. தட்டு என்றால் திறந்தது. உங்கள் கருவிக்கு மேலே சிலிகோன் கூரை இருக்கிறது. என் குறிப்பேட்டில் வளர்கலன்தான். ஆக்ஸானுக்கு 'நரம்புவிழுது' என்று ஒன்று வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் எழுதுகிறேன்.

ரெதுய்யிலிருந்து:
ஐயா, பெட்ரி தட்டுக்கும் மூடி உண்டு.