ஐந்தாம் வகுப்பு மகளுக்கு எச்பிவி ஊசி: ஆயாவுக்கு என்ன சொல்வது?

சாட்ஸ்வர்த் அம்மா:
நேற்று மகள் ஸ்கூல் பையிலிருந்து ஒரு சம்மதப் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஸ்கூலிலேயே, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸ் கிருமி வராமலிருக்க ஊசி போடுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். எனக்குச் சம்மதம்தான். அவள் ஆயாவுக்கு, அதாவது என் மாமியாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "ஆம்பளை சகவாசத்தில் தொத்துற கிருமியாமே, வயசுக்கே வராத பிள்ளைக்கு எதுக்கு? நாளைக்குக் குழந்தை பிறக்காமல் போனால்?" என்கிறார்.

பீனிக்ஸ் நர்ஸ் (ஓய்வு):
தங்கச்சி, கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் இந்த ஊசி முழுசாகப் பலன் தரும். வந்துவிட்ட கிருமியை அது விரட்டாது. ஒன்பது வயதிலேயே தொடங்குவது அதனால்தான். ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் மேலோடு போன்ற புரதம் மட்டும். குழந்தைப்பேற்றை அது கெடுக்காது. கெடுப்பது நோய், சில பெண்களுக்குக் கருப்பையையே எடுக்க வேண்டி வருகிறது.

நான் பார்த்த ஒரு அக்கா, தீட்டு நின்று ஆறு வருஷம் கழித்து இரத்தம் பட்டதை மகள்களிடம்கூடச் சொல்லவில்லை. துணியைத் தானே துவைத்து மறைத்தார். கிளினிக்குக்கு வந்தபோது இந்தப் புற்றுநோய் முற்றிச் சிறுநீரகத்தையும் பாதித்திருந்தது. இந்த வெட்கம் நம் பெண்களை எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது! எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்குக் காலையில் பிள்ளையைச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். கை வலிக்கும், சிலருக்குத் தலை சுற்றும், கால் மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

மாரிட்ஸ்பர்க்:
2014-இல் அரசுப் பள்ளிகளில் இதைத் தொடங்கிய வருஷமே என் மகளுக்குப் போட்டார்கள், அப்போது நாலாம் வகுப்பு. நன்றாக இருக்கிறாள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆயாவிடம் அதையும் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் அம்மா:
கையெழுத்துப் போட்டுவிட்டேன். துணி துவைத்த அக்காவைப் பற்றி ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்தப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் வலிக்குமா?" என்று கேட்டார்.

பீனிக்ஸ் நர்ஸ் (ஓய்வு):
பாப் ஸ்மியரா? கருப்பை வாயிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் அது. ஒரு நிமிஷம் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான். முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசு கிளினிக்கில் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயாவுக்கு இப்போது இரத்தம் ஏதாவது படுகிறதா என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் நாளைக்கே கூட்டிப்போங்கள்.