கபயேரோஸ் என்றால் எல்லா ஆண்களுமா?

மாறன்: ஸ்பானியம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாலு ஆண்கள் ஒன்றாக நின்றால் "ஓலா, கபயேரோஸ்" (வணக்கம், கனவான்களே) என்று கூப்பிடலாம் என ஒரு காணொளியில் சொல்லித்தருகிறார்கள். கழிப்பறைக் கதவில் அப்படித்தானே எழுதியிருக்கிறது என்று ஒரு காரணம் வேறு! எனக்கு உடன்பாடில்லை. கபாயோ என்றால் குதிரை. அதிலிருந்து வந்த கபயேரோ முதலில் குதிரை வீரன், பிறகு பிரபு, அப்புறம்தான் கனவான். மேட்டுக்குடிச் சொல் அது. 'ஐயாமார்' என்னும் செஞோரெஸ் போதும்.

தேன்மொழி: செஞோர் மட்டும் என்ன, ஏழை வீட்டுப் பிள்ளையா? லத்தீனில் 'மூத்தவர்' என்று தொடங்கி, நிலப்பிரபுவுக்கு ஆகி, கடவுளையே 'எல் செஞோர்' என்னும் அளவுக்குப் போய்விட்டது. 'லோஸ் செஞோரெஸ் கார்சியா' என்றால் கணவன் மனைவி இருவரும். கபயேரோஸில் அந்தக் குழப்பம் இல்லை. மாட்ரிட் கடைக்காரர் முன்பின் தெரியாதவரையும் "கபயேரோ" என்பார். துணிக்கடையில் ஆண்கள் பிரிவுக்கும் அதே பெயர்தான்.

மாறன்: கடைக்காரர் சொல்வது வாடிக்கையாளரிடம். அங்கே மரியாதை கூடத்தான் வேண்டும். கூட்டாளிகளிடம் சொன்னால் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கடலோடி: கியூபாவில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே "கபயேரோ!" என்பது நம் "அட, என்னப்பா இது!" மாதிரி. பெண்கள் இருக்கும் கூட்டத்திலும் சொல்வார்கள். உச்சரிப்பும் ஊருக்கு ஊர் மாறும், புவெனஸ் ஐரிஸில் கபஷேரோஸ்.

மாறன்: ஒரு தீவின் பேச்சு வழக்கை வைத்து மொத்த மொழிக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

தேன்மொழி: சரி, தீவை விடுங்கள். மேட்டுக்குடி என்றீர்களே, இன்றைய ஸ்பெயினில் அடங்கும் இடைக்காலக் காஸ்டீலில் 'கபயேரோஸ் வியானோஸ்' என்று ஒரு பிரிவே இருந்தது. சொந்தக் குதிரையோடும் ஆயுதத்தோடும் எல்லைப் போருக்குப் போன சாதாரணக் குடிமக்கள். 974இல் காஸ்த்ரோஹெரிஸ் ஊருக்குக் கொடுத்த சாசனம் அவர்களைக் கீழ்நிலைப் பிரபுக்களுக்குச் சமமாக உயர்த்தியது. ஆக, பிறப்பு வழியாக மட்டும் வந்த பட்டம் இல்லை.

மாறன்: குதிரை வாங்கக் காசு வேண்டாமா? அவர்களுக்கு வரிவிலக்கும் கிடைத்தது. காலாளாகப் போன பக்கத்து வீட்டுக்காரன் வரி கட்டினான். நான் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

தேன்மொழி: ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வரிக்கணக்கை வைத்து இன்றைய சொல்லை எடை போடுகிறீர்கள். இன்று குதிரையை யார் நினைக்கிறார்கள்?

கடலோடி: மேடையில் 'தமாஸ் இ கபயேரோஸ்' (சீமாட்டிகளே, கனவான்களே) என்றால் யாரும் சிரிக்கப்போவதில்லை. நண்பர்களை 'பசங்களா' என்று கூப்பிட ஸ்பெயினில் சீக்கோஸ், அர்ஜென்டினாவில் முச்சாச்சோஸ். காணொளிக்காரர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மாறன்: சீக்கோஸ் எனக்குச் சம்மதம். மேடை எனக்குக் கிடைக்கும்போது மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன்.