மறுமொழி: கேஜ் – 'பருமன் எண்ணா', 'கம்பி எண்ணா'? (ஜம்பரும் சேர்த்து)

> ஸ்பீக்கர் வயரின் கேஜுக்குப் 'பருமன் எண்' என்று வைக்கலாம். ஜம்பருக்குக் 'குதிப்பி'.

வணக்கம் ஐயா.

கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண். அதற்குப் 'பருமன் எண்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளை ஏமாற்றிவிடும். பருமன் எண் 18 என்றால் 12-ஐவிடத் தடிமன் என்றுதானே யாருக்கும் தோன்றும்? அமெரிக்க முறையில் 12 கேஜ் கம்பியின் குறுக்குப் பரப்பு 3.31 சதுர மி.மீ.; 18 கேஜுக்கு 0.82தான், நாலில் ஒரு பங்கு. "பெரிய நம்பரா குடுங்க" என்று கேட்டு வாங்கி, மெல்லிசு வயரோடு வீடு திரும்பியவன் நான்.

எண் ஏன் தலைகீழாக ஓடுகிறது? தட்டார் பட்டறையில் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பியச்சின் பெரிய துளையில் தொடங்கி, சின்னத் துளைக்கு மாற்றி மாற்றி இழுப்பார்கள். எத்தனை முறை இழுத்தது என்பதிலிருந்து வந்த எண் இது. இழுக்க இழுக்க எண் ஏறும், கம்பி மெலியும்.

இதே போக்கு நூலிலும் உண்டு. 80-ஆம் நம்பர் நூல் 40-ஐவிடச் சன்னம் என்பது நெசவு ஊர்களில் குழந்தைக்கும் தெரியும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை நிற்கிறது என்பதே அந்த நம்பர். (கேஜையும் கெஜத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்!) நூலுக்கு 'நூல் எண்' என்றால் கம்பிக்குக் 'கம்பி எண்'. இதுவே என் பரிந்துரை. முன்பு ஒருவர் கேஜுக்குச் சொன்ன 'அளவி' அளக்கும் கருவிக்கு இருக்கட்டும்.

ஒரு சிக்கல். கடையில் 40/36 என்று ஒரு வயர் கேட்டிருப்பீர்கள்: 40 இழை, ஒவ்வொன்றும் 36-ஆம் எண். அந்த 36 பிரிட்டிஷ் முறை, அமெரிக்க முறையல்ல. இழை 0.19 மி.மீ. விட்டம், மொத்தப் பரப்பு சுமார் 1.17 சதுர மி.மீ. ஆகவே 'அமெரிக்கக் கம்பி எண்', 'பிரிட்டிஷ் கம்பி எண்' என்று அடைமொழி சேர்த்தே எழுத வேண்டும். "ஒண்ணரை எம்.எம். வயர்" என்பதும் விட்டமல்ல, சதுர மி.மீ. கட்டுரைகளில் அந்தச் 'சதுர'த்தை விழுங்கிவிடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: வயரின் மின்தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆம்ப்ளிபயரிலிருந்து 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பில் அது சுமார் 0.23 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தாராளம். 4 ஓமுக்கு எல்லை 0.2 ஓம் என்பதால் 2.5 சதுர மி.மீ. வயருக்குப் போகலாம். அதற்கு மேல் செலவழிப்பது ஆசைக்கு. வாங்குமுன் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், தடை இன்னும் கூடும்.

இனி ஜம்பர், அதாவது இரு முனைகளை இணைக்கும் சின்னத் தகடு அல்லது வயர்த்துண்டு. 'குதிப்பி' வேண்டாம் ஐயா, அது எங்கும் குதிப்பதில்லை. சில ஸ்பீக்கர்களின் முதுகில் இரண்டு ஜோடி முனைகள் இருக்கும்: மேல் ஜோடி ட்வீட்டருக்கு (கீச்சொலி தரும் பகுதி), கீழ் ஜோடி வூஃபருக்கு (கனத்த ஒலி தரும் பகுதி). இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது அந்தச் சின்னத் தகடு. ஒருமுறை துடைக்கக் கழற்றியவன் திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஜாலரா சத்தமே இல்லை. ஆம்ப்ளிபயரைச் சந்தேகித்து ஒரு மாலை வீணானது.

'பாலம்' என்றும் யோசித்தேன். ஆனால் ஆம்ப்ளிபயரின் இரு சேனலை ஒன்றாக்குவதையும் பிரிட்ஜ் என்றே சொல்கிறார்கள், இடிக்கும். தகடாக இருந்தால் 'பிணைத்தகடு', வயர்த்துண்டாக இருந்தால் 'பிணைக்கம்பி' என்கிறேன். லைன்மேன்கள் "ஜம்பர் கட் ஆயிடுச்சு" என்பதை நாம் மாற்றப்போவதில்லை. எழுத்தில் மட்டும் பார்ப்போம்.

தனிமடலில் ஒருவர் 'தொடுப்பு' என்று அனுப்பியிருந்தார். "மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் தொடுப்பு உண்டு" என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.