வாக்-ஆஃப்: ‘வெளிநடப்பு’ சரிவராது, ‘தீரடி’ என்று வைக்கலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நம் பேஸ்பால் சொற்பட்டியலில் ‘வாக்-ஆஃப்’ என்பதற்கு நேரே ‘வெளிநடப்பு’ என்று யாரோ குறித்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் பெரம்பூர்ப் பக்கம் சாஃப்ட்பால் ஆடும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு விதிக்குறிப்பு தயார் செய்து வருகிறேன். பட்டியலில் உள்ளது அப்படியே அவர்கள் கைக்குப் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், வாக்-ஆஃப் என்றால் என்ன? பேஸ்பாலில் ஒவ்வோர் இன்னிங்ஸும் இரண்டு பாதி. வெளியூர் அணி முன்பாதியில் மட்டை பிடிக்கும், சொந்த மண்ணில் ஆடும் அணி பின்பாதியில். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியிலோ, சமநிலையால் நீளும் கூடுதல் இன்னிங்ஸின் பின்பாதியிலோ உள்ளூர் அணி முந்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மற்றவர்களுக்குத் திருப்பி அடிக்க வாய்ப்பே கிடையாது. (ஆங்கிலத்தில் இந்தப் பாதிகளை மேல், கீழ் என்பார்கள். ஸ்கோர்பலகையில் வெளியூர் அணி மேல் வரியிலும் உள்ளூர் அணி கீழ் வரியிலும் இருப்பதால் வந்த வழக்கம். நமக்கு முன்பாதி, பின்பாதியே தெளிவாக இருக்கிறது.)

டென்னிஸ் எக்கர்ஸ்லி என்ற பந்தெறிவாளர் பேச்சிலிருந்து 1980களின் கடைசியில் பரவிய சொல் இது. கடைசி அடியை வாங்கிய பந்தெறிவாளர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திடலை விட்டு நடப்பாரே, அந்த நடை. 1988 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில் கிர்க் கிப்சனிடம் அப்படி ஓர் அடி வாங்கி எக்கர்ஸ்லியே நடந்தார். இன்று அடித்தவரின் கொண்டாட்டத்துக்குத்தான் அந்தச் சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதற்கு ‘வெளிநடப்பு’ என்றால் என்ன ஆகும்? அது தமிழில் ஏற்கெனவே உறுதியாக உட்கார்ந்துவிட்ட சொல். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி பேச வாய்ப்புக் கேட்கும், பேரவைத் தலைவர் மறுப்பார், முழக்கமிட்டு வெளியே வருவார்கள், வாசலில் செய்தியாளர்களிடம் பேசுவார்கள். 2023 ஜனவரி 9 அன்று ஆளுநரே அவையை விட்டு வெளியேறியபோதும் நாம் சொன்னது அதே சொல்தான். அதில் எதிர்ப்பு இருக்கிறது, தன்மானம் இருக்கிறது. தோற்ற பந்தெறிவாளரின் நடையும் அங்கே பொருந்தாது, ஜெயித்தவரின் குதியாட்டமும் பொருந்தாது.

எனக்கு அந்தச் சொல்மேல் பெரிய மரியாதை உண்டு. வெளிநடப்பு, ஒத்திவைப்பு, கவன ஈர்ப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் எல்லாம் உருவாக்கப்பட்ட சொற்கள்தாம். இன்று டீக்கடையில் தினத்தந்தி படிக்கிறவர் யாரும் இவற்றுக்கு விளக்கம் கேட்பதில்லை. அரசியலைத் தமிழில் பேசியாக வேண்டியிருந்தது, பேசினோம், சொற்கள் நிலைத்தன. விளையாட்டில் அந்த உழைப்பு பாதியில் நின்றுபோனது. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த காலத்தின் நம்பிக்கை நமக்கும் வர வேண்டும்.

இன்னொரு பரிந்துரை ‘ஆட்டக்கலைப்பு’. இதுவும் வேண்டாம். ‘ஆட்டத்தைக் கலைச்சிட்டான்’ என்றால் கெடுத்துவிட்டான் என்றுதான் எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். பெரியவர்களுக்கோ 1976, 1980, 1991 ஆட்சிக் கலைப்புகள் நினைவுக்கு வரும். விதிப்படி ஒழுங்காக முடிந்த ஆட்டத்துக்கு அந்தச் சாயல் எதற்கு?

என் பரிந்துரை: தீரடி. தீர் + அடி, வினைத்தொகை. ஆட்டம் தீர்ந்த அடி, ஆட்டத்தைத் தீர்த்த அடி, இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ‘தீரம்’ என்ற ஒலியும் கூடவே வருகிறது.

2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் தேவை புரியும். லாஸ் ஏஞ்சலிஸில் மாலையில் தொடங்கியது, இங்கே விடியற்காலை. 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம்ரன்னில் (பந்து வேலியைத் தாண்டிப் பறக்கும் அடி) உள்ளூர் அணியான டாட்ஜர்ஸ் 6-5 என்று வென்றபோது சென்னையில் மதியம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பால் வாங்கி, குளித்து, மின்சார ரயிலில் கிண்டி போய் இறங்கி, அலுவலகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆட்டம் இன்னும் ஓடுகிறது! ‘எப்படி முடிந்தது’ என்று கேட்ட தோழிக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னிடம் தமிழ்ச்சொல் இல்லை. 2024 தொடரின் முதல் ஆட்டத்திலும் இதே ஃப்ரீமன்தான்: பத்தாவது இன்னிங்ஸ், 3-2 பின்தங்கியிருந்த நிலை, மூன்று தளங்களிலும் (ஓட்டம் எடுக்க ஓடும் வழியில் உள்ள நிறுத்தங்கள், ஆங்கிலத்தில் பேஸ்) ஆள், ஒரே அடியில் நான்கு ஓட்டம், 6-3.

பெரியவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து, உங்கள் தங்கை

*

மறுமொழி: மதுரையிலிருந்து

தங்கைக்கு வாழ்த்துகள். ‘வெளிநடப்பு’ என்று குறித்தவன் நான்தான் அம்மா. ஆட்டம் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து எழுதினேன், எடுத்துவிடுங்கள்.

தீரடி இலக்கணப்படி சுத்தம். ஆனால் ‘வாகையடி’ இன்னும் அழகாக இருக்காதா? வாகை சூடுவது வெற்றிக்கான பழைய மரபு. பிள்ளைகளுக்குப் புறத்திணையும் அறிமுகமாகும்.

*

மறுமொழி: கோவையிலிருந்து

தங்கச்சி, எனக்கு ஒரு தயக்கம். ‘தீர்த்துக்கட்டு’ என்கிற வழக்கு இருக்குதே. பத்திரிகையில் கொலைச் செய்திக்குத்தானே அது வருது. பள்ளிப் பிள்ளைகள் குறிப்பில் அந்த வாடை வேண்டுமா?

*

மறுமொழி: சென்னையிலிருந்து

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

அக்கா, கொலைப்பொருள் ‘கட்டு’ என்ற துணைவினை சேர்ந்த பிறகுதான் வருகிறது. தனியே நின்றால் பசி தீர்ந்தது, கடன் தீர்ந்தது, காய்ச்சல் தீர்ந்தது, வழக்குத் தீர்ந்தது என்று நல்ல இடங்களில்தான் அதிகம் புழங்குகிறது. ஆறரை மணி நேரம் இழுத்த ஆட்டம் முடியும்போது மனசுக்குள் வருவதும் அந்த நிம்மதிதான்.

ஐயா, வாகையடி கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் வாக்-ஆஃப் எப்போதும் அடியாகவே இருப்பதில்லை, சிக்கல் அங்கேதான். சமநிலை, மூன்று தளங்களிலும் ஆள், அப்போது பந்தெறிவாளர் நான்கு பந்தை வெளியே போட்டுவிட்டால் மட்டையாளர் முதல் தளத்துக்கு நடந்தே போகலாம், மூன்றாம் தளத்தில் இருப்பவர் உள்ளே வந்துவிடுவார். ஆட்டம் முடிந்தது. யாரும் அடிக்கவில்லை.

பிழையாலும் முடியும். 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், நியூயார்க். பத்தாவது இன்னிங்ஸில் உருண்டு வந்த பந்து பாஸ்டன் வீரர் பில் பக்னரின் கால்களுக்கு இடையே போனது, உள்ளூர் அணியான மெட்ஸ் 6-5 என்று வென்றது. அந்த ஒரு பந்துக்காக பக்னர் எத்தனையோ ஆண்டுகள் ஏச்சு வாங்கினார். அதை ‘வாகைப்பிழை’ என்று எழுத என் கை வராது ஐயா. அவர் பக்கம் நின்று பார்த்தால் அங்கே வாகை எங்கே இருக்கிறது?

‘தீர்’ எல்லாவற்றோடும் ஒட்டுகிறது. அடித்து முடிந்தால் தீரடி, நடையால் முடிந்தால் தீர்நடை, பிழையால் முடிந்தால் தீர்பிழை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதும் இங்கே காப்பாற்றுகிறது. ஒற்றுப் போட்டு ‘தீர்ப்பிழை’ என்று எழுதினால் தீர்ப்பு + இழை என்று பிரித்துவிடுவார்கள். குறிப்பில் இதைத் தனியாகவே எழுதி வைக்கிறேன்.

‘ஹோம்ரன்’ இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். தீரடி ஹோம்ரன் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது, நேற்று சொல்லிப் பார்த்தேன். உள்ளூர் அணி முந்தும் ஓட்டம் வந்ததும் ஆட்டம் நிற்கும் என்பதற்கு ஹோம்ரன் மட்டும் விலக்கு, தளத்தில் இருக்கும் எல்லாருடைய ஓட்டமும் சேரும். ஃப்ரீமன் கணக்கு 6-3 ஆனது அதனால்தான். இந்த விலக்கையும் பட்டியலில் சேர்க்கிறேன்.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மூன்று சொற்களையும் ஏற்றிவிடலாமா? அடுத்து ‘ஸ்டோலன் பேஸ்’, அதாவது அடி விழாமலே ஓடி அடுத்த தளத்தைப் பிடிப்பது. ‘களவுத்தளம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தை அந்த இழையில் எழுதுகிறேன்.