‘லைவ் ஆக்‌ஷன்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கயல் (திங்கள், இரவு 9.40)

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை எங்கள் கல்லூரித் திரைக்கழகத்தில் 2018இல் வந்த சீனப் படம் ‘அனிமல் வேர்ல்ட்’ போடுகிறோம். ஹான் யான் இயக்கியது. மூலம், நொபுயுகி ஃபுகுமோட்டோ 1996இல் தொடங்கிய ‘கைஜி’ என்ற ஜப்பானிய மங்கா (படக்கதை). பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதுகிறேன். ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. இந்தக் கதை 2007இல் அனிமேஷன் தொடரானது. 2009இல் ஜப்பானிலேயே நடிகர்களை வைத்துப் படமாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சீனப் படம். முதலாவதை ‘அசைவூட்டம்’ என்று எழுதிவிட்டேன். மற்ற இரண்டும் ‘லைவ் ஆக்‌ஷன்’. எந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், ‘நேரடி நடவடிக்கை’ என்றது. வட்டாட்சியர் ஆக்கிரமிப்பை அகற்ற வருகிற மாதிரி இருக்கிறது.

வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். கைகொடுங்கள்.

புலவர் செ. (செவ்வாய், காலை 5.15)

அம்மா கயல், இதற்கு ஏன் கலக்கம்? ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்’ என்று தொல்காப்பியர் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தீட்டிய உருக்கள் ஆடுவது நாடக வழக்கு. ஆள் ஆடுவது உலகியல் வழக்கு. எனவே, ‘உலகியல் படம்’.

மங்கா என்ற சொல்லையும் விட்டுவிடலாம். நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம் கடுப்ப’ என்று வருகிறது. வண்ணம் ஏற்றாத வெறும் கோட்டுருவம் என்பது உரை. மங்காவும் கறுப்பு வெள்ளைக் கோடுதான் என்று பேரன் சொல்கிறான். ஆகவே ‘புனையாக்கதை’.

இரவி (செவ்வாய், காலை 10.02)

ஐயா, ‘புனையாக்கதை’ என்றால் எந்தப் பிள்ளையும் உண்மைச் சம்பவம் என்றுதான் படிக்கும். கப்பலில் அடைத்துச் சூதாட விடுகிற கதைக்கு அந்தப் பெயர் தாங்காது.

‘லைவ் ஆக்‌ஷ’னுக்கு அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போமே. ஜப்பானியர் ‘ஜிஷ்ஷா’ என்கிறார்கள்: மெய்யைப் படம் பிடித்தது. சீனர் ‘ஜென்ரென் பான்’ என்கிறார்கள்: மெய்யான ஆள் பதிப்பு. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் நேரே சீனத்திலிருந்து எடுத்தால் ‘மெய்யாள் படம்’.

புலவர் செ. (செவ்வாய், காலை 10.31)

தம்பி இரவி, நல்லாள், இல்லாள், மெய்யாள். ‘ஆள்’ பெண்பால் விகுதி ஆயிற்றே! மெய்யாள் படம் என்றால் உண்மை பேசும் ஒருத்தியின் கதை என்று நினைப்பார்கள்.

இரவி (செவ்வாய், காலை 10.50)

வேலையாள், கூலியாள் எல்லாம் பெண்பாலா ஐயா? மெய் வேண்டாம் என்றால் ‘ஆள்படம்’ என்று விடுங்கள்.

புலவர் செ. (செவ்வாய், காலை 10.58)

வேற்றுமைப் புணர்ச்சியில் அது ‘ஆட்படம்’ ஆகும். ஆட்டைப் பற்றிய படம் என்று கேட்பார்கள். விலங்குலகம் என்பதுதான் படத்தின் பெயர் என்பதால் பொருந்தினாலும் பொருந்தும்.

முகில் (செவ்வாய், பிற்பகல் 3.20)

அண்ணன்மார், ஐயா எல்லோருக்கும் வணக்கம். இங்கே படம் பார்த்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

இதில் மெய்யும் இல்லை, உலகியலும் இல்லை. நாயகன் கைசி கடனில் மூழ்கியவன், பிழைப்புக்குக் கோமாளி வேடம் போடுகிறவன். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன் கோமாளி ஒன்று அவன் மண்டைக்குள் குடியிருக்கிறது. ஆத்திரம் தலைக்கேறினால் எதிரே நிற்கிறவர்கள் அசுரப் பிராணிகளாகிவிடுவார்கள், இவன் வெட்டித் தள்ளுவான். அந்த இடமெல்லாம் கணினி வரைகலை. வரைந்ததுதான் ஐயா! கார்ட்டூனே எழுந்து நடக்கிற படத்துக்கு ‘மெய்யாள்’ என்று எப்படிப் பெயர் வைப்பது?

ஆனால் ஆட்டம் இருக்கிறதே, அதில் ஒரு வரைகலையும் வேண்டியதில்லை. கல், காகிதம், கத்தரி. அவ்வளவுதான். ஆளுக்குப் பன்னிரண்டு அட்டை, மூன்று வகையிலும் நாலு நாலு. கூடவே ஆளுக்கு மூன்று நட்சத்திரம். தோற்றால் ஒரு நட்சத்திரம் எதிராளிக்குப் போகும். போட்ட அட்டை திரும்பி வராது. அத்தனை அட்டையும் தீர்ந்து, கையில் மூன்று நட்சத்திரம் மிஞ்சியவன்தான் தப்பிக்கலாம். கல் எத்தனை மிச்சம், கத்தரி எத்தனை மிச்சம் என்று பலகை காட்டிக்கொண்டே இருக்கும். அதிர்ஷ்ட விளையாட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தை வியாபாரமாக மாறும். கல் நிறைய மிஞ்சினால் காகிதத்துக்குக் கிராக்கி. மேசைக்கு இருபுறமும் இரண்டு பேர் ஆளுக்கொரு அட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு முறைக்கிறார்கள், எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மேலேயிருந்து ஹாலிவுட் நடிகர் மைக்கேல் டக்ளஸ் கோழிச்சண்டை பார்க்கிற மிராசுதார் போல வேடிக்கை பார்க்கிறார்.

கோமாளிக் காட்சிகள் கண்ணுக்கு விருந்து. எனக்கென்னவோ அவற்றை வெட்டினாலும் படம் நிற்கும், அட்டையை வெட்டினால் நிற்காது.

இரவி (செவ்வாய், மாலை 6.05)

முகில், ஒரு கிளைக்கதை. சீனத்தில் அந்த விளையாட்டு கல், கத்தரி, துணி. காகிதம் கிடையாது. வசன வரியில் ‘துணி’ என்று போடுவதா?

கயல் (செவ்வாய், மாலை 6.11)

துணியைப் பிறகு துவைக்கலாம் அண்ணா. எனக்கு ஒரே ஒரு சொல்.

தாமரை (புதன், காலை 7.45)

மங்காவைப் பற்றி ஒன்று. ‘மங்காப் புகழ்’ என்கிறோம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘மங்கா ஓவியம்’ என்று எழுதினால் ஜப்பானியச் சொல்லும் ஆயிற்று, தமிழும் ஆயிற்று. சீனர் ‘மன்ஹுவா’ என்பதும் ஜப்பானியர் ‘மங்கா’ என்பதும் ஒரே இரண்டு எழுத்துதான். முதல் எழுத்தில் நீர்க்குறி உண்டு, கரை மீறி வழிவது என்ற பொருள் அதற்கு உண்டு. வழிகிற ஓவியம் மங்காது என்று விளக்கம்கூடச் சொல்லிவிடலாம்.

‘லைவ் ஆக்‌ஷ’னுக்கு என் பரிந்துரை ‘மெய்ந்நடிப்பு’. இங்கே மெய் என்றால் உண்மை அல்ல, உடம்பு. மெய்ப்பாட்டில் உள்ள மெய். முகில் சொன்ன வேர்த்த உள்ளங்கைக்கும் பொருந்துகிறது.

முகில் (புதன், காலை 9.12)

வேர்த்தது என் மெய் அக்கா, நடிகருடையது இல்லை. அதோடு அந்த இரட்டை ‘ந்ந’வை யார் வாசிப்பார்கள்? என் தங்கையிடம் கேட்டேன், “கார்ட்டூன் இல்ல, ஆளுங்க நடிச்ச படம்” என்றாள். ‘நடிகர் படம்’ என்று போனால் என்ன?

புலவர் செ. (புதன், காலை 9.30)

மெய்ஞ்ஞானத்தில் ‘ஞ்ஞ’வை வாசிக்கிறவர்கள் இதையும் வாசிப்பார்கள். ஆனால் மெய்ந்நடிப்பு என்றால், மற்றப் படங்களில் நடிப்பது பொய்ந்நடிப்பா?

கயல் (வெள்ளி, காலை 8.20)

வாக்கெடுத்தேன். ஏழு பேர் சொன்னீர்கள். மெய்ந்நடிப்புக்கு நாலு, நடிகர் படத்துக்கு இரண்டு, உலகியலுக்கு ஒன்று (யார் என்று சொல்ல வேண்டியதில்லை). முதல் இடத்தில் ‘மெய்ந்நடிப்புப் படம்’ என்றும், அடைப்புக்குள் ‘லைவ் ஆக்‌ஷன்’ என்றும் போட்டு அனுப்பிவிட்டேன். மங்கா மங்காவாகவே இருக்கிறது. அச்சகத்திலிருந்து தம்பி அழைத்து, “ரெண்டு ந வந்திருக்கு மேடம், ஒண்ணை எடுத்துரட்டுமா?” என்றான்.

முகில் (வெள்ளி, காலை 8.26)

எடுத்திருக்கலாம். கோமாளி வாள் வீசுகிற இடத்துக்கு அந்தச் சொல் இன்னும் பொருந்தவில்லை என்பதையும் பதிந்துவைக்கிறேன்.

புலவர் செ. (வெள்ளி, காலை 8.41)

என் மாறுபாடும் பதிவாகட்டும். விரிவான குறிப்பு திங்களன்று வரும், நன்னூல் உரையோடு.

கயல், நாளை படம் எத்தனை மணிக்கு? பேரனும் வருகிறேன் என்கிறான்.