தெருவில் நான்கு மணி நேர விழா நடத்த எத்தனை வாசல் ஏற வேண்டும்?

கேள்வி: அம்மாப்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் தறி வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நெடுக்கு நூலை, நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த காலைகளில், யாரும் சொல்லாமலேயே வண்டிக்காரர்கள் அடுத்த சந்தில் திரும்பிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பொங்கலை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை அதே தெருவில் கோலப்போட்டியும், பிள்ளைகளுக்குப் பம்பரமும் பல்லாங்குழியும், பழைய தறிக்காரர்கள் நெசவை விளக்கிக் காட்டும் நிகழ்ச்சியும் வைக்கலாம் என்று முப்பது வீட்டார் கூடி முடிவு செய்தோம். மேடை கிடையாது, கட்சிக்கொடி கிடையாது, ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று.

ஓர் அலுவலகத்தில், இன்னோர் அலுவலகத்தின் இசைவுக் கடிதத்தோடு வரச் சொன்னார்கள். அங்கே போனால், முதல் அலுவலகத்தின் கடிதம் இல்லாமல் மனுவை வாங்க இயலாது என்றார்கள். இப்படியே மூன்று வாரம் ஓடிய பிறகு, ஒரு வீட்டு மொட்டை மாடியில் விழாவை நடத்தினோம். படியேற முடியாத மூத்த தறிக்காரர்கள், அதாவது யாருக்காக நடத்தினோமோ அவர்களே, கீழே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். சட்டப்படி உண்மையில் எவையெல்லாம் தேவை? அடுத்த ஆண்டும் இதே அலைச்சல் நேராதிருக்க என்ன வழி?

பதில் 1: அழகாபுரம், குடியிருப்போர் சங்க முன்னாள் செயலாளர்

நண்பரே, நீங்கள் ஒரே அனுமதி என்று நினைப்பது உண்மையில் நான்கு தனித்தனி விஷயங்கள். முதலாவது சாலை. அது மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதை முதலில் கேட்டறியுங்கள். தவறான வாசலில் நிற்பதால்தான் பாதி அலைச்சல். போக்குவரத்தைத் திருப்பிவிடுவதும் ஒலிபெருக்கிக்கு அனுமதி தருவதும் காவல்துறையின் பொறுப்பு. மின்சாரத்துக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேட்க வேண்டும். கம்பத்தில் கொக்கி போட்டால் அது மின்திருட்டு வழக்காகிவிடும். பந்தல் போட்டால் தீயணைப்புத் துறையும் சேர்ந்துகொள்ளும். உங்கள் நிகழ்ச்சிக்குப் பந்தலே வேண்டாம் என்பது என் கருத்து; தை மாத மாலை வெயிலுக்கு எதற்குப் பந்தல்?

ஒலியைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதைப் பயன்படுத்தக் கூடாது. எட்டு மணிக்கு முடியும் உங்கள் விழாவுக்கு நேரத்தால் தடை ஏதுமில்லை.

பதில் 2: சேலம் குகைப் பகுதிவாசி

ஆடி மாதத்தில் எங்கள் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும்போது ஊரே தெருவில் நிற்கும். சாமி வேடமிட்டவர்களை ஏற்றிக்கொண்டு அலங்கார வண்டிகள் வரிசையாக வரும். பல தலைமுறை வழக்கம் என்பதால், அந்த நாளில் எந்தச் சாலையை மூடுவது, எந்த வழியாக வண்டிகளைத் திருப்பிவிடுவது என்பதெல்லாம் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். வழக்கம் இல்லாத புது நிகழ்ச்சிதான் ஒவ்வொரு முறையும் அ, ஆ-வில் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே விதிகளைத் தளர்த்தச் சொல்வதைவிட, ஒருமுறை ஆராய்ந்து ஒப்புக்கொண்ட தெருவை மறுபடி ஆராயத் தேவையில்லை என்ற ஏற்பாட்டைக் கேட்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. விநாயகர் சதுர்த்திச் சிலைகளை வைப்பதற்கு 2018-இல் வந்த அரசாணை, இட உரிமையாளர் அல்லது உள்ளாட்சியின் இசைவு, காவல்துறை, தீயணைப்பு, மின்சாரம் என்று எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்லி, மாநகரங்களில் காவல் உதவி ஆணையரும் பிற இடங்களில் சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியரும் அனுமதி தருவார்கள் என்று வரையறுத்தது. சிலைக்கு எழுதப்பட்ட அந்தப் பட்டியலைக் கோலப்போட்டிக்கும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பதில் 3: அஸ்தம்பட்டி

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் மறுபக்கத்தில் இருப்பவன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் தாயாரோடு வசிக்கிறேன். எங்கள் சாலையில் வருடத்துக்கு எத்தனை நாள் கூம்பு ஒலிபெருக்கி அலறுகிறது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அனுமதியை எளிதாக்கினால் உங்களைப் போன்றவர்களுக்கு முன்னால் வேறு யார் யார் வந்து வரிசையில் நிற்பார்கள் என்பதையும் யோசியுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்றுதான் விதி சொல்கிறது; அதை அளந்து பார்த்த விழா ஒன்றையும் நான் கண்டதில்லை. ஒரு தெருவுக்கு ஆண்டில் இத்தனை நாள்தான் என்ற உச்சவரம்பும், அவசர ஊர்திக்கு எப்போதும் திறந்திருக்கும் ஒரு பக்கமும், ஒரு வாரம் முன்னதாக வீடுதோறும் அறிவிப்பும் இருந்தால் நானும் கையொப்பமிடுவேன்.

பதில் 4: ஏற்காடு

மே மாதக் கோடை விழாவுக்குத் தோட்டக்கலை, சுற்றுலா, காவல் எல்லாத் துறையும் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவிடுகின்றன. அரசு தன் விழாவுக்குப் போட்டுக்கொள்ளும் அந்த மேசையில், மாதத்துக்கு ஒரு மணி நேரம் தெருக்காரர்களுக்கும் இடம் கிடைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அஸ்தம்பட்டி ஐயா சொன்ன மூன்று நிபந்தனைகளையும் அப்படியே எங்கள் மனுவில் சேர்த்துக்கொள்கிறேன். அவை இருந்தால்தான் எங்கள் தெருவிலேயே எதிர்ப்பாக இருக்கும் நான்கு வீட்டார் இணங்குவார்கள். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும், கிராம சபையைப் போல வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன அல்லவா? அடுத்த கூட்டத்தில், எங்கள் வார்டில் பேருந்து செல்லாததும் மருத்துவமனை அருகில் இல்லாததுமான மூன்று தெருக்களைக் குறிப்பிட்டு, அவற்றை விழாத் தெருக்களாக முன்கூட்டியே ஏற்கும்படி தீர்மானம் கேட்கப் போகிறோம். தெரு வரைபடத்தை என் மகள் வரைந்துகொண்டிருக்கிறாள். சாலை யாருடையது என்பதை மட்டும் நாளை காலை போய்க் கேட்டு வருகிறேன்.