அப்பா வந்து நின்றால் பையனின் பிடி இறுகுகிறது

கேள்வி (நுவரெலியா):
1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் சிறுவர்களைப் பழக்குகிறேன். பத்து வயதுப் பையன் ஒருவன், தனியாக என்றால் அழகாக அடிக்கிறான். அப்பா வந்து நின்றதும் பிடி இறுகி, விரல் மூட்டெல்லாம் வெளுத்துவிடுகிறது. அப்பா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, பல வருடம் அடுத்தவர் கோல்ஃப் பையைச் சுமந்த மனிதர். அவர் ஆசை எனக்குப் புரிகிறது. எப்படிச் சொல்வது?

பதில் (ஹட்டன்):
அண்ணே, விரட்டிவிடாதீர்கள். பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கும் வேலையைக் கொடுங்கள்.

பதில் (பண்டாரவளை):
நானும் ஒரு அம்மா. பஸ்ஸில் வீடு திரும்பும்போது நடக்கும் விசாரணைதான் பிள்ளையை வாட்டும். அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
சரி, சனிக்கிழமை அப்பாவையும் பட்டிங் கிரீனில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் புல்தரையில், விளையாட வைத்தேன். மூன்றடி தூரப் பந்தைத் தவறவிட்டார். பையன் ஓடிவந்து, "மெதுவா பிடிங்கப்பா" என்று அவர் விரல்களைத் தளர்த்திவிட்டான்.